மீன் ஐஸ் வேறு, குடிக்கிற ஐஸ் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் சாலைப் பாலம் இறங்குகிற இடத்தில் பதினான்கு வருஷமாக எலுமிச்சை ஜூஸும் லெமன் சோடாவும் விற்று வருகிறேன். பிறந்த ஊர் உச்சிப்புளி, வாக்கப்பட்டது தங்கச்சிமடம். உங்கள் நாளிதழை என் வண்டியிலேயே ஒரு மூலையில் வைத்திருப்பேன், சோடா குடிக்கிறவர்கள் எடுத்துப் படிப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் போய்விட்டு மதுரைக்குத் திரும்புகிற ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தியது. புது ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்து நாலு லெமன் சோடா கேட்டார்கள். நான் பழத்தை அறுத்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா, "ஐஸ் எங்கக்கா வாங்குறீங்க?" என்றார். வாங்கவில்லை, வீட்டில் உறைய வைத்தது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைப் பார்த்தார். அப்புறம், "பரவால்லக்கா, பிள்ளைங்களுக்கு வேணாம்" என்று இரண்டு தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அறுத்த பழம் நாலும் பலகையிலேயே கிடந்தன.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வெளியூரில் என் பிள்ளைகளோடு நின்றால் நானும் அதையேதான் கேட்பேன். கேட்டுவிட்டு நம்பவும் மாட்டேன். ஏனென்றால் எங்கள் கடலோரத்தில் ஐஸ் என்றாலே அது மீனுக்கு உள்ளது. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை ஐஸ் கம்பெனிகள் இருப்பது படகுகளுக்காக. இரும்புத் தகர டப்பாக்களில் தண்ணீரை நிரப்பி, குளிரூட்டிய உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். உப்புத் தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் உறையாது, அதனால் டப்பாவுக்குள் இருக்கிற தண்ணீர் மட்டும் உறைந்து நீளக் கட்டியாக வரும், அதைத்தான் 'பார்' என்போம். ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைவதால், தண்ணீரில் இருக்கிற உப்பும் காற்றும் அழுக்கும் நடுவுக்குத் தள்ளப்படும். ஒரு பாரை உடைத்துப் பாருங்கள், ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் வெள்ளையாக மங்கிப்போயிருக்கும். உவர் கிணற்றுத் தண்ணீரில் செய்த பார் என்றால் அந்த நடுப்பகுதியை நாக்கில் வைத்தாலே கரிக்கும். மீனுக்கு இது போதும். மீன் கெடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. ஐஸ் கம்பெனிக்காரர்கள் மேல் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் செய்வது மீன் ஐஸ், அதை மீனுக்கென்றுதான் விற்கிறார்கள்.

அதை டம்ளரில் போட்டது நாங்கள்தான். நானும் போட்டிருக்கிறேன். வண்டி போட்ட புதிதில், மீன் இறங்குதளத்துக்குப் போகிற வண்டியிலிருந்து ஒரு கால் பார் வாங்கி, சாக்கில் சுற்றி, கட்டையால் உடைத்துப் பெட்டியில் போட்டுக்கொள்வேன். ஐஸ் கொடுக்கிற அண்ணன் நேர்மையாகவே சொல்வார், "இது மீனுக்கு உள்ளது தங்கச்சி, பார்த்துக்க." நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வருவேன். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்ற எண்ணம்தான். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு ஜூஸ் ஊற்றிக் கொடுத்தேன். அது டம்ளரைத் தூக்கி வெயிலில் பிடித்து, "மினுமினுன்னு என்னமோ இருக்கு" என்றது. வாங்கிப் பார்த்தேன். சாளை மீனின் ஒரு செதில், ஐஸ் துண்டுக்குள் பாதி உறைந்தபடி. அன்றைக்குப் பெட்டியில் இருந்த ஐஸ் முழுவதையும் மணலில் கொட்டிவிட்டேன். அதற்கு முன் எத்தனை பேருக்கு ஊற்றினேன் என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டு கிடந்தேன். அன்றோடு மீன் ஐஸ் என் வண்டிக்கு வருவதில்லை.

எலுமிச்சை ஊற்றினால் கிருமி செத்துப்போகும் என்று சிலர் சொல்வார்கள். பழச்சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சிட்ரிக் அமிலம் இருப்பது உண்மைதான். ஆனால் அரைப் பழத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்தால் அந்தப் புளிப்பு எவ்வளவு மெலிந்துபோகிறது என்று நாக்கே சொல்லும். அதை நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. உறைய வைத்தாலும் கிருமிகள் பல சாவதில்லை, ஐஸுக்குள் அடங்கிக் கிடந்து உருகியதும் எழுந்துவிடும். அழுக்குத் தண்ணீரில் செய்த ஐஸ் அழுக்குத் தண்ணீர்தான்.

அப்படியானால் ஐஸ் இல்லாமல் விற்றால் என்ன என்று கேட்பீர்கள். ஜூஸாவது பரவாயில்லை. சோடாவுக்குக் குளிர்ச்சி இல்லாமல் ஆகாது. இதை நான் என் அப்பாவிடம் கற்றேன்.

அப்பா உச்சிப்புளியில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஓட்டுக் கொட்டகை ஒன்று, நாலு பாட்டில் மிஷின் ஒன்று, கரியமில வாயு அடைத்த கேஸ் சிலிண்டர் ஒன்று. கோலி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மிஷினில் மாட்டி, கேஸைத் திறந்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றுவார். பாட்டில்கள் நேராகவும் தலைகீழாகவும் புரளப் புரள கேஸ் தண்ணீருக்குள் இறங்கும். தலைகீழாக நிற்கும்போது கோலி கழுத்துக்கு வந்து விழும். உள்ளே இருக்கிற அழுத்தமே அதை வாயிலிருக்கும் ரப்பர் வளையத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடி வேண்டாம், தக்கை வேண்டாம், கேஸே பூட்டு. 1872-இல் ஹிராம் காட் என்கிற இங்கிலாந்துக்காரர் இந்தப் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார் என்று என் மகள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் அதை நம் ஊர்ச் சாமான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் கிள்ளிவிட்ட மாதிரி இரண்டு பள்ளம் இருக்கிறதே, குடிக்கும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல் அதில் தங்கி நிற்கும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்.

அப்பா விடியக்காலை மூன்று மணிக்கே எழுந்து சோடா போடுவார். ராத்திரியே தண்ணீரைப் பானைகளில் ஊற்றி வைத்துவிடுவார். "தண்ணி குளுந்து கெடந்தாத்தான் கேஸு எறங்கும், வெயில் ஏறிட்டா சக்கரம் சுத்துறது வீண்" என்பார். எட்டு மணிக்கு மேல் மிஷினைத் தொட மாட்டார். போட்ட பாட்டில்களை நனைத்த சாக்கால் மூடி வைப்பார். ஒரு சித்திரை மாதம் சாக்கை நனைக்க மறந்த நாளில் பாட்டில் ஒன்று வெடித்து அவர் முழங்கையைக் கிழித்தது. அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது.

என் மகள் ராமநாதபுரத்தில் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். தாத்தா சொன்னதை அவள் கணக்காகப் போட்டுக் காட்டினாள். சாதாரணக் காற்றழுத்தத்தில், பூஜ்யம் டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் அது முக்கால் லிட்டர் அளவுக்கு வந்துவிடும். எங்கள் சித்திரை வெயிலில், 35 டிகிரியில், அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான். அழுத்தத்தைக் கூட்டினால் அதே விகிதத்தில் கரைகிற கேஸும் கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803-இல் கண்டு சொன்னாராம். மிஷினில் அப்பா செய்தது அதுதான். கோலியைக் கட்டை விரலால் உள்ளே தள்ளியதும் 'டப்' என்று அழுத்தம் போய்விடுகிறது. அந்த நிமிஷத்திலிருந்து கேஸைத் தண்ணீரில் நிறுத்தி வைப்பது குளிர்ச்சி ஒன்றுதான். வெதுவெதுப்பான சோடாவை உடைத்தால் பாதி நுரையாகத் தரையில் போகும், மீதி டம்ளரில் சப்பென்று இருக்கும். சோடாவின் சுருக்கென்ற காரமே கரைந்திருக்கிற கேஸிலிருந்து வருகிற அமிலத்தால்தான். கேஸ் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

ஐஸைத் தூளாக உடைத்துப் போடுவதும் தப்பு. சொரசொரப்பான எதைக் கண்டாலும் கேஸ் அதில் குமிழாகக் கூடி வெளியேறும். உப்பைச் சோடா மேல் தூவினால் பொங்கி வழிகிறதே, அதுவும் இந்தக் காரணத்தால்தான். நான் முதலில் டம்ளரில் சாறு, உப்பு, சர்க்கரைப் பாகு மூன்றையும் கரைத்துவிடுவேன். அதன் பிறகு பெரிய ஐஸ் கட்டி ஒன்று. கடைசியாகச் சோடாவை டம்ளர் ஓரமாகச் சாய்த்து ஊற்றுவேன். கலக்க மாட்டேன், அது தானாகவே கலந்துகொள்ளும். பழத்தையும் விதை நசுங்கும்படி பிழியக் கூடாது, கசந்துவிடும். பிழிந்து வைத்த சாறும் நேரம் போகப் போகக் கசப்பு ஏறும். அதனால் காலையிலேயே பிழிந்து வைப்பதில்லை, ஆள் வந்த பிறகுதான் அறுப்பேன். புளியங்குடிப் பக்கத்துப் பழம் என்றால் சாறு நிறைய இருக்கும். கோடையில் ஒரு பழம் பத்து ரூபாய்க்குப் போனாலும் ஒரு டம்ளருக்கு அரைப் பழத்துக்குக் குறைத்தது கிடையாது.

தண்ணீர் விஷயமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஜூஸ் போட்டால் புளிப்பு மட்டுப்பட்டே இருக்கும். பழம் சரியில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தண்ணீரில் இருக்கிற காரத்தன்மை பழத்தின் அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது என்று மகள் சொன்ன பிறகுதான் புரிந்தது. ஆப்ப சோடாவைப் போட்டால் நடப்பதும் அதுவே. சோடாவில் ஆப்ப சோடாதானே கலக்கிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, அது தண்ணீரும் கேஸும் மட்டும். வீட்டில் பிள்ளைகள் எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா போட்டு நுரைக்க விடுவார்கள். அதில் வருவதும் இதே கரியமில வாயுதான். ஆனால் அரைப் பழத்துச் சாற்றுக்குக் கால் ஸ்பூன் ஆப்ப சோடா போட்டாலே புளிப்பு முழுவதும் போய், நாக்கில் ஒருவித உப்புச் சுவைதான் நிற்கும். பார்க்க அழகு, குடிக்க நன்றாக இருக்காது.

மகள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி கப்பல்காரர்களைப் பற்றியது. இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் பீர் காய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார். 1767-இல், ஊறல் தொட்டிகளுக்கு மேலே தேங்கி நிற்கிற காற்றைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்திருக்கிறார். 1772-இல் அதைச் செய்யும் முறையை ஒரு சிறு நூலாகவே போட்டார். நீண்ட நாள் கடலில் போகிறவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிகிற ஸ்கர்வி நோய் வரும், அதை இந்தத் தண்ணீர் தீர்க்கும் என்று அவர் நம்பினார். அது நடக்கவில்லை. அந்த நோயைத் தீர்த்தது எலுமிச்சையும் ஆரஞ்சும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747-இலேயே மாலுமிகளுக்கு அவற்றைக் கொடுத்துச் சோதித்திருந்தார். கடலுக்குப் போகிறவரின் மனைவி நான். கடலுக்குப் போகிறவர்களுக்காக ஒருவர் யோசித்த சோடாவும், அவர்களை உண்மையில் காப்பாற்றிய எலுமிச்சையும் என் டம்ளரில் சேர்கின்றன. அதில் மீன் செதில் கிடந்த ஐஸை நானே ஒரு காலத்தில் போட்டேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் வலிக்கிறது.

மண்பானையில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். வைத்தேன். என் பெரியம்மா வீடு கமுதியில் இருக்கிறது. அங்கே பானைத் தண்ணீர் பல் கூசும். இங்கே அதே பானை, அதே ஈர மணல், சும்மா ஒரு குளிர்ச்சிதான் வருகிறது. பானையின் மேலே கசிகிற நீர் ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது ஆவியாவதே குறைவு. உள்நாட்டில் பானை செய்கிற வேலையைக் கடற்கரையில் அதனால் செய்ய முடியாது. கரையில் இருக்கிற எங்களுக்கு ஐஸ் கட்டாயம் வேண்டியிருக்கிறது. கிடைப்பதோ மீன் ஐஸ் மட்டும்.

இப்போது நான் கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, எவர்சில்வர் டப்பாக்களில் ஊற்றி, வீட்டுப் பிரிட்ஜில் ராத்திரி உறைய வைக்கிறேன். அதிகபட்சம் மூன்று கிலோ வரும், அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். 32 டிகிரியில் இருக்கிற ஒரு டம்ளரைப் பத்து டிகிரிக்குக் கொண்டுவர ஐம்பது கிராம் ஐஸ் வேண்டும். கோடையில் எழுபது டம்ளர் விற்பேன். பெட்டியில் உருகிப் போவதையும் சேர்த்தால் ஆறு கிலோவாவது வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு என் ஐஸ் தீர்ந்துவிடும். வெயில் உச்சியில் நிற்கும், வேன்கள் வரிசையாக வரும், நான் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் மீன் ஐஸ் போடுகிற வண்டிகளில் வியாபாரம் நடக்கும். அவர்களும் பிள்ளை குட்டி வைத்திருப்பவர்கள்தான். வேறு ஐஸ் கிடைத்தால் அதைத்தான் போடுவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும், நான் அவர்களோடு பேசியிருக்கிறேன்.

சாப்பிடக் கூடாத ஐஸ் தனியாகத் தெரிய வேண்டும், அதில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. நல்ல யோசனை. நீலமாக இருந்தால் எந்தக் கடைக்காரரும் டம்ளரில் போட மாட்டார், போட்டால் குடிக்கிறவர் விட மாட்டார். ஆனால் நான் தினமும் பார்க்கிற வண்டிகளில் போகிற ஐஸ் எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதனால்தான் மதுரைக்கார அம்மாவுக்கு என் ஐஸுக்கும் மீன் ஐஸுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வருஷத்துக்கு நூறு ரூபாய் கட்டி வாங்கிய பதிவுச் சீட்டை வண்டியில் மாட்டி வைத்திருக்கிறேன். அவர் அதையும் பார்த்தார். சீட்டு ஐஸைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லையே.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகும் வல்லமும் மட்டும் போகும். ஐஸ் கம்பெனிகளுக்கு வேலை குறைந்துவிடும், அங்கே கூலிக்குப் போகிற ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். என் வீட்டுக்காரரும் அந்த நாட்களில் வலை பின்னிக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறார், குடும்பம் என் வண்டியை நம்பித்தான் ஓடுகிறது. எங்களுக்கு ஐஸ் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் இதே 61 நாட்கள். அக்கினி நட்சத்திரம் இதற்குள் வருகிறது, பள்ளி விடுமுறைக் கூட்டமும் இதற்குள்தான் வருகிறது. கம்பெனிகளில் ஒன்றே ஒன்று இந்த இரண்டு மாதத்துக்கு ஒரு வரிசை டப்பாக்களை மாற்றி, துருப்பிடிக்காத புது டப்பா வைத்து, சுத்திகரித்த தண்ணீரில் சின்னக் கட்டிகளாகக் குடிக்கிற ஐஸ் செய்து கொடுக்க முடியாதா? டப்பாவுக்கும் தண்ணீருக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கை மீன்வளத் துறையோ மகளிர் குழுக் கடனோ ஏற்றுக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் வராது. தண்ணீரை அவ்வப்போது சோதித்துச் சீட்டு ஒட்டினால் நாங்களும் அந்தச் சீட்டைப் பெட்டியில் ஒட்டிக்கொள்வோம். மீனுக்குப் போகிற பாரில் மட்டும் நீலம் சேர்க்கட்டும்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கத்தில் ஜூஸும் சர்பத்தும் விற்கிற எங்களில் பதினோரு பேரிடம் நான் கேட்டுவிட்டேன். மீன் ஐஸைவிட இரண்டு பங்கு விலை என்றாலும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒன்பது பேர் சொன்னார்கள். மற்ற இருவர் விலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதுவும் நியாயம்தான். இந்தக் கடிதத்தைத் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே வெளியிட்டால் உதவியாக இருக்கும். உங்கள் நிருபர் யாராவது வந்து ஐஸ் கம்பெனிக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் இதைக் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

என் பங்குக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ எடுத்துக்கொள்கிறேன், ஒரு மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறேன். காலை எட்டு மணிக்குள் கிடைத்தால் போதும். பெட்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
லெமன் சோடா விற்கும் ஒரு வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.